‘பேசிவிட்டால் சரியாகிவிடும்’: மனக்காயம் பட்டவர்களிடம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விபத்து, பேரிடர், வன்முறை, பாலியல் தாக்குதல் என்று ஏதோ ஒன்றிலிருந்து ஒருவர் தப்பி வந்திருக்கிறார். உதவ வேண்டும் என்ற மனம் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் இருக்கிறது. எதை எப்போது செய்வது என்பதில்தான் தடுமாறுகிறோம். முதல் சில நாட்களில் பக்கத்தில் இருந்தாலே போதும். அப்போது ‘பேசு, பேசு’ என்று நெருக்குகிறோம். மாதங்கள் போயும் அவர் தூங்க முடியாமல் தவிக்கிறார்; அப்போது ‘காலம் எல்லாத்தையும் ஆற்றிவிடும்’ என்று விட்டுவிடுகிறோம். மனக்காயம் பட்டவர்களுக்கு உதவுவதில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் பலவும் இப்படி நேரம் மாறிச் செய்யப்படுபவைதான்.

உடனே பேச வைப்பது

நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்ற நம்பிக்கை ஆழமானது. 1980களில் இது ஒரு முறையாகவே வளர்ந்தது. சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து, ஒரே அமர்வில், என்ன பார்த்தார்கள், என்ன உணர்ந்தார்கள் என்று விவரமாகச் சொல்லச் சொல்வார்கள். பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. 13 மாதங்கள் கழித்து, அப்படிப் பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. பேச வைக்கப்படாதவர்களில் அது 9 சதவீதம். முதல் பிரிவினரின் காயங்கள் தொடக்கத்திலேயே கடுமையாக இருந்ததால், இந்த ஒரு ஆய்வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இந்த ஒற்றை அமர்வு நோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை. உலக சுகாதார அமைப்பின் 2013 வழிகாட்டுதல் இதைச் செய்ய வேண்டாம் என்கிறது.

அப்படியானால் முதல் நாட்களில் என்ன செய்வது? ‘உளவியல் முதலுதவி’ என்று அந்த அமைப்பு சொல்வது எளிமையானது: பாருங்கள், கேளுங்கள், தேவையான உதவியோடு இணைத்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீர், போர்த்திக்கொள்ளப் போர்வை, வீட்டாரோடு பேச ஒரு போன், வேடிக்கை பார்ப்பவர்களும் கேமராக்களும் இல்லாத ஓர் இடம். அவராகப் பேசினால் காது கொடுத்துக் கேளுங்கள், வாயை அடைக்காதீர்கள். அவர் நிறுத்திய இடத்திலிருந்து ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று தோண்டாதீர்கள்.

முதல் வாரங்களில் தூக்கம் கெடுவதும், சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும், அந்தக் காட்சி கண்முன் வந்து போவதும் பெரும்பாலோருக்கு நடப்பவை. உலக மக்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் இத்தகைய ஒரு சம்பவத்தையாவது சந்திக்கிறார்கள் என்றும், அவர்களில் 5.6 சதவீதம் பேருக்கே பி.டி.எஸ்.டி. வருகிறது என்றும் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அமெரிக்க மனநல வகைப்பாட்டின்படி அந்த நோயின் பெயரையே சொல்ல முடியும். பத்தாம் நாளே ‘உனக்கு மனநோய் வந்துவிட்டது’ என்று முத்திரை குத்துவது தேவையில்லாத பயத்தைத்தான் தரும். விதிவிலக்கு ஒன்று உண்டு: உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

இந்தக் கட்டத்தில் இன்னொரு குறுக்குவழி, அல்ப்ரசோலம், டையசெபம் போன்ற மயக்கம் தரும் மாத்திரைகள். முதல் மாதத்தில் அதிர்ச்சியின் அறிகுறிகளுக்காக இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றும் அதே 2013 வழிகாட்டுதல் சொல்கிறது. ஏற்கெனவே பல காலமாகச் சாப்பிடுபவர்கள் மட்டும் திடீரென்று நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

‘நீ ஏன் கத்தவில்லை?’

எனக்கு மிகவும் வலிப்பது இந்தக் கேள்விதான். வீட்டிலும் கேட்கிறார்கள், விசாரணையிலும் கேட்கிறார்கள், சில சமயம் மருத்துவமனையிலும் கேட்கிறார்கள். உயிர் ஆபத்து என்று உடல் உணரும்போது எதிர்த்து நிற்பதும் ஓடுவதும் மட்டுமே வழிகள் அல்ல. தசைகள் விறைத்து, குரல் எழாமல், உடம்பு அப்படியே உறைந்து போவதும் நடக்கிறது. அது அவர் தேர்ந்தெடுப்பது அல்ல. ஸ்டாக்ஹோமில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவில் உறைந்து போயிருந்தார்கள். 48 சதவீதம் பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, உறைந்து போனவர்களிடம்தான் பி.டி.எஸ்.டி.யும் கடும் மனச்சோர்வும் அதிகமாக இருந்தன. கூடுதல் ஆதரவு தேவைப்படும் அதே ஆளைத்தான் ‘சம்மதம் இருந்ததால்தானே சும்மா இருந்தாய்’ என்று கேட்கிறோம்.

நினைவும் அப்படித்தான். ஒரு வாசனை, ஒரு சட்டையின் நிறம் துல்லியமாக நிற்கும். எது முன், எது பின் என்பது குழம்பும். சொல்வது முன்னுக்குப் பின் முரணாக இருப்பதாலேயே ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட முடியாது. யாருக்கு நோய் நிலைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் பார்த்தபோது, சம்பவத்துக்குப் பிறகு சுற்றியிருப்பவர்களின் ஆதரவு இல்லாமல் போவது முக்கியமான காரணங்களில் ஒன்றாக இருந்தது. அதாவது, நடந்து முடிந்ததை நம்மால் மாற்ற முடியாவிட்டாலும், அதன் பிறகு என்ன ஆகிறது என்பதில் நமக்குப் பங்கு இருக்கிறது.

சிகிச்சை தேவைப்படும்போது காத்திருப்பது

ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவுகளும், அந்த இடத்தைக் கடக்க முடியாத பயமும், எல்லோரிடமிருந்தும் விலகிப் போவதும் தொடர்கிறதா? இப்போது வேகம் வேண்டும். தவிர்த்துக்கொண்டே இருப்பதுதான் இந்த நோய்க்குத் தீனி போடுகிறது. குடும்பமும் அன்பினால் அதற்குத் துணை போகிறது: அந்தச் சாலை வழியாகப் போவதில்லை, அந்தப் பேச்சை எடுப்பதில்லை, வெளிவேலைகளை எல்லாம் வேறு யாராவது பார்த்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் பயம் பொய்யென்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு மூளைக்குக் கிடைக்காமலே போகிறது.

பலன் தருவதாக நன்றாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும், மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சை அவற்றில் ஒன்று. அந்த வகையைச் சேர்ந்த, தவிர்த்து வரும் நினைவுகளையும் இடங்களையும் படிப்படியாகச் சந்திக்க வைக்கும் ‘நீடித்த எதிர்கொள்ளல்’ முறையை உளவியலாளர் எட்னா ஃபோவாவும், ‘தப்பு என்னுடையதுதான்’ போன்ற எண்ணங்களை ஆராயும், வழக்கமாக 12 அமர்வுகள் கொண்ட முறையை உளவியலாளர் பட்ரீசியா ரெசிக்கும் உருவாக்கினார்கள். கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். இன்னொன்று. இவற்றில் பலவற்றில் நடந்ததை விவரமாகப் பேசவும் வேண்டியிருக்கும். முதலில் பேச வைக்காதே என்றார்கள், இப்போது பேசு என்கிறார்களே என்று தோன்றலாம். வித்தியாசம் இருக்கிறது: இங்கே பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருக்கிறார், எவ்வளவு தூரம் போவது என்பது பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கிறது, எழும் பயம் தணியும் வரை வாராவாரம் தொடர்கிறது. தொடக்கத்தில் கொஞ்ச நாள் வேதனை கூடுவதுபோல் இருக்கலாம்; அதைக் கண்டு பாதியில் நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. வாரம் ஒருமுறை போய்ப் பொதுவாகப் பேசிவிட்டு வருவது ஆறுதல் தரும், ஆனால் இந்தச் சிகிச்சைகளுக்கு ஈடாகாது. ‘எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள், அதில் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா?’ என்று முதல் சந்திப்பிலேயே கேட்கலாம். செர்ட்ரலின், பராக்செடின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் சிலருக்குக் கைகொடுக்கின்றன. பல ஆண்டுகள் கடந்தவர்களுக்கும் இவையெல்லாம் பலன் தருகின்றன.

புதைந்திருக்கும் நினைவை வெளியே எடுக்கிறேன் என்று ஹிப்னாடிசம் செய்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. நடக்காததையும் நடந்ததாக ஒருவரை நம்பவைக்க முடியும் என்று நினைவை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸின் சோதனைகள் 1990களிலேயே காட்டிவிட்டன.

சிறுவயதிலிருந்தோ பல ஆண்டுகளாகவோ கொடுமையை அனுபவித்தவர்களிடம் தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணமும், உறவுகளில் நம்பிக்கையின்மையும், உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த முடியாமையும் சேர்ந்திருக்கும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாடு இதைத் தனி நோயாகவே ஏற்கிறது. அடித்தவரோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கும் ஒருவருக்கு முதல் தேவை பாதுகாப்பான இடம்தான். ‘மன்னித்துவிடு, மனசு லேசாகும்’ என்று அவரிடம் சொல்வது கொடுமை. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் உரிமை.

தேறி வருபவர் திடீரென்று ஒரு நாள் பின்வாங்கினால் சிகிச்சை தோற்றது என்று பயந்துவிட வேண்டாம். சம்பவம் நடந்த தேதி ஒவ்வொரு வருடமும் நெருங்கும்போது பலருக்கு இப்படி ஆகிறது. அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: தனியாக இருக்க வேண்டுமா, யாராவது கூட இருக்க வேண்டுமா, இல்லை வழக்கம்போல வேலைக்குப் போவதுதான் அவருக்கு நல்லதா என்று.