உப்புத்தாள், கிரேயான், இஸ்திரிப் பெட்டி: வீடு கறையாகாமல் துணிப்பையில் படம்

போன மே மாத விடுமுறையில் என் மகளும் தங்கை மகனும் சேர்ந்து ஒரு துணிப்பைக்கு பெயிண்ட் அடித்தார்கள். பை நன்றாகவே வந்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரமும் நான் பேசியது இரண்டே வார்த்தைதான்: "கொட்டாதே", "தொடாதே". வாடகை வீடு, வெள்ளை டைல்ஸ், துணிக்கு அடிக்கும் கலர் காய்ந்துவிட்டால் லேசில் போகாது. முடித்தபின் பிரஷ், கிண்ணம், நான்கு கை, நான்கு கால் எல்லாம் கழுவ இரண்டு பக்கெட் தண்ணீர் போனது. 2019 கோடையில் சென்னையின் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு அந்த இரண்டு பக்கெட் கண்ணை உறுத்தும். எனக்கு உறுத்தியது.

அதற்கப்புறம் நாங்கள் செய்து பழகிய முறை இது: உப்புத்தாளில் கிரேயானால் படம் வரைந்து, அதைத் துணிமேல் கவிழ்த்து இஸ்திரி போட்டு இறக்குவது. இதில் ஈரம் என்பதே கிடையாது. சிந்துவதற்கும் எதுவும் இல்லாததால் குழந்தை தன் போக்கில் வரையலாம், நாம் எதையும் தடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். கிரேயானை அழுத்திப் பிடிக்கத் தெரிந்த நான்கு வயதுக் குழந்தையும் செய்யும். இஸ்திரி போடுவது மட்டும் முழுக்க முழுக்கப் பெரியவர்கள் வேலை.

என்னென்ன வேண்டும்

பருத்தித் துணியில் தைத்த பை ஒன்று. காடா துணிப் பை என்றால் ரொம்ப நல்லது. பை இல்லாவிட்டால் பழைய தலையணை உறை, பழைய பருத்தி வேட்டியிலிருந்து கிழித்த துண்டு எதுவும் ஆகும். புதுத்துணி எடுக்கிறீர்களென்றால் பாரிமுனை கோடவுன் தெரு வரை போக வேண்டியதில்லை, அது மொத்த வியாபாரத்துக்கு. உங்கள் தெருமுனை மேட்சிங் சென்டரில் வெள்ளைப் பருத்தி லைனிங் துணி அரை மீட்டர் கேட்டு வாங்கினால் போதும்.

பாலியெஸ்டர் கலந்த துணி வேண்டாம். அது அதிகச் சூட்டில் சுருங்கும், உருகவும் செய்யும். சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகி, நுனியில் கெட்டியான மணியாக உருளும்.

அடுத்தது உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் மரம் தேய்க்கிற உப்புத்தாள், 80 அல்லது 100 நம்பர் என்று கேளுங்கள். 40 நம்பர் கிரேயானைத் துருவித் தின்றுவிடும். 220 நம்பர் வழவழப்பு, மெழுகு அதில் தங்காது. ஒரு முழுத்தாளை இரண்டாக வெட்டினால் இரண்டு குழந்தைகளுக்கு ஆகிவிடும்.

கிரேயானில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண மெழுகுக் கிரேயான்தான் வேண்டும். பிளாஸ்டிக் கிரேயான் கெட்டியானது, தடிமனாகப் படியாது. ஆயில் பேஸ்டல் துணியில் எண்ணெய் வளையம் விடும். அலமாரியில் கிடக்கிற உடைந்த, குட்டையான மெழுகுக் கிரேயான்கள் இதற்குத்தான் பிறந்தவை. மேல் தாளை உரித்துவிடுங்கள்.

இவை தவிர, பையின் உள்ளளவுக்கு ஒரு அட்டை, எழுதாத வெள்ளைத்தாள் ஏழெட்டு, தரையில் விரிக்கப் பழைய செய்தித்தாள், இஸ்திரிப் பெட்டி.

செய்முறை

1. முதல் நாளே பையைத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு வையுங்கள். புதுத்துணியில் கஞ்சி இருக்கும். கஞ்சி இருக்கும்வரை மெழுகு நூலுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும், முதல் துவையலிலேயே உதிர்ந்துவிடும். பழைய வேட்டித் துண்டுக்கு இந்தக் கவலையே இல்லை.

2. உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கத்தில் குழந்தையை வரையச் சொல்லுங்கள். ஒரே விஷயம், அழுத்தி வரைய வேண்டும். ஒரு தடவை இழுத்தால் மணலுக்கு நடுவே பள்ளங்கள் தெரியும். அதே இடத்தில் மூன்று நான்கு முறை தேய்த்தால்தான் மெழுகு நிரம்பி மினுமினுக்கும். மெல்லிய கோட்டு ஓவியம் இதில் எடுபடாது. தடித்த உருவங்கள் வரட்டும்: மீன், ஆட்டோ, பறங்கிப்பூ, கலங்கரை விளக்கம். என் மகள் மெரினா என்று சொல்லி வரைந்ததில் பாதித் தாள் வெறும் நீலம்தான். அதுதான் துணியில் மிக அழகாக இறங்கியது.

3. வரைந்து முடித்ததும் உப்புத்தாளைச் செய்தித்தாளின் மேல் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். கிரேயான் தூள் உதிரும். இதை விட்டுவிட்டால், சூடு பட்டதும் அந்தத் தூள் எல்லாம் வானம் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். ஃபேன் காற்றிலும் தூள் பறக்கும் என்பதால், இந்த ஒரு நிமிடம் மட்டும் ஃபேனை நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. பைக்குள் அட்டையை நுழைத்து, அட்டைக்கு மேல் ஒரு வெள்ளைத்தாளையும் வையுங்கள். இல்லாவிட்டால் மெழுகு ஊறிப் பையின் பின்பக்கமும் கறையாகும். துணியை இழுத்து நேராக்கி, அதன்மேல் உப்புத்தாளைப் படம் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள்.

5. இனி பெரியவர்கள் மட்டும். இஸ்திரிப் பெட்டியை காட்டன் சூட்டில் வையுங்கள். நீராவி வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். உப்புத்தாளின் முதுகில் பெட்டியை வைத்து அழுத்தி, 15 முதல் 20 நொடி பிடித்து, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். துணி தேய்ப்பது போல இழுக்கவே கூடாது. தாள் ஒரு நூல் நகர்ந்தாலும் மீனுக்கு இரண்டு வால் வரும். கிரேயான் மெழுகு குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். இருந்தாலும் தாளையும் மணலையும் தாண்டிச் சூடு துணிக்கு இறங்க வேண்டுமே, அதற்குத்தான் இந்தப் பொறுமை. மெழுகு வாசனை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

6. தாளின் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். நிறம் வெளுப்பாக இருந்தால் அப்படியே மூடி, இன்னொரு சுற்று அழுத்துங்கள். முழுவதும் எடுத்துவிட்டால் மறுபடி அதே இடத்தில் பொருத்துவது பெரும்பாடு. நன்றாக இறங்கியிருந்தால் மெதுவாக உரித்தெடுங்கள். இந்த இடத்தில் குழந்தையின் முகத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். படம் வழுவழுப்பாக இராது, மணல் மணலாக, நெருக்கி வைத்த புள்ளிக் கோலம் போல இருக்கும்.

7. கடைசியாக, படத்தின்மேல் வெள்ளைத்தாளை வைத்து மறுபடி இஸ்திரி போடுங்கள். அதிகப்படியான மெழுகைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும், நிறம் மட்டும் நூலில் தங்கும். தாளில் கறை படிவது நிற்கும்வரை புதுத்தாள் மாற்றுங்கள், வழக்கமாக மூன்று தாள் ஆகும். இந்த இடத்தில் செய்தித்தாளைப் பயன்படுத்தாதீர்கள், அச்சு மை துணியில் ஏறும்.

அதே உப்புத்தாளில் மறுபடி கிரேயான் பூசி இன்னொரு பைக்கும் போடலாம். பிறந்தநாளுக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரே படத்தில் நாலைந்து பை வேண்டுமென்றால் இது வசதி.

எழுத்து எழுதினால்

படம் துணியில் இடவலம் மாறித்தான் விழும். மீனுக்கு அது பரவாயில்லை, எழுத்துக்கு ஆகாது. என் மகள் பாட்டிக்காக "கீரைப் பை" என்று கண்ணும் கருத்துமாக எழுதி, துணியில் அது கண்ணாடியில் பார்த்தது போல வந்ததும் அழுதுவிட்டாள். குற்றம் என்னுடையது, முன்பே சொல்லியிருக்க வேண்டும். மெல்லிய தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்தால் எழுத்து மாறித் தெரியும். அதைப் பார்த்து உப்புத்தாளில் எழுதினால் துணியில் நேராக வரும். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் சுலபமான வழி, உப்புத்தாளைத் துணிக்கு அடியில் சொரசொரப்பு மேலே இருக்கும்படி வைத்து, துணியின் மேலேயே நேரடியாக எழுதுவது. மணல் அடியிலிருந்து பிடித்துக்கொள்வதால் கிரேயான் துணியில் நன்றாகப் பதியும். பிறகு 7ஆம் படியில் சொன்னபடி வெள்ளைத்தாள் வைத்து இஸ்திரி.

மஞ்சப்பையில் செய்தால்

பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை என்று தமிழக அரசு கொண்டுவந்த "மீண்டும் மஞ்சப்பை" திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கிய பிறகு பல வீடுகளில் மஞ்சள் பை சேர்ந்திருக்கிறது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் பை தருகிற இயந்திரமும் வந்தது. அதில் தாராளமாகப் படம் போடலாம், துணி பருத்திதானா என்று மட்டும் நூலை எரித்துப் பார்த்துவிடுங்கள். மெழுகு நிறம் அடியிலிருக்கும் மஞ்சளை முழுதாக மறைக்காது. நீலம் பச்சையாகத் தெரியும், வெள்ளை தெரியவே தெரியாது. கறுப்பு, சிவப்பு, அடர்பச்சை மூன்றும் அருமையாக எடுக்கும்.

வரையத் தெரியாது என்று ஒதுங்கும் பிள்ளைக்கு

ஓட்டை போட்ட கோல அச்சுத் தட்டு வீட்டில் இருக்கும். இல்லையென்றால் கோரைப்பாய், அல்லது நரம்பு புடைத்த அடிப்பக்கம் மேலே பார்க்க ஒரு பூவரசு இலை. அதன்மேல் மெல்லிய வேட்டித் துண்டை இழுத்து விரித்து, நான்கு ஓரமும் செல்லோடேப் ஒட்டி, கிரேயானைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேய்க்கச் சொல்லுங்கள். கோலம் தானாக மேலே எழும். தடித்த பையில் இது சரியாக வராது, மெல்லிய துணி வேண்டும். இஸ்திரி போடும் முன் அடியில் வைத்த தட்டை எடுக்க மறக்காதீர்கள், பிளாஸ்டிக் என்றால் உருகிவிடும்.

இலையையே துணியில் வைத்துச் சுத்தியலால் தட்டிச் சாறு இறக்கும் முறையும் இருக்கிறது. எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டுப் பெரியவர் மதியம் தூங்குவார், அதனால் நாங்கள் செய்வதில்லை. அந்தப் பச்சையும் நாளாக நாளாகப் பழுப்பாகிவிடும்.

துவைப்பது

ஒரு நாள் முழுக்க விட்டு, அப்புறம் துவையுங்கள். பையை உட்புறம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், கையால், தனியாக. வெந்நீரில் ஊறவைத்தால் மெழுகு மறுபடி இளகும். பல துவையலுக்குப் பிறகு நிறம் கொஞ்சம் மங்கும், எங்கள் மெரினாவின் நீலம் இப்போது காலை நேரக் கடல்போல வெளிறியிருக்கிறது. நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரிக்காரரிடம் கொடுக்கும் துணி மூட்டையில் மட்டும் இந்தப் பையைச் சேர்த்துவிடாதீர்கள், அதன்மேல் சூட்டுப்பெட்டி பட்டால் அடுத்து வருகிறவரின் வெள்ளைச் சட்டையிலும் மீன் நீந்தும்.