புள்ளி விழுந்த இலையைத் திருப்பிப் பாருங்கள்

பீன்ஸ் செடியின் முதிர்ந்த இலைகளில் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள். உடனே மருந்துக் கடைக்குக் கிளம்புவதுதான் முதல் தவறு. முதலில் இலையைத் திருப்புங்கள். அடியில் மெல்லிய வலையும் ஊரும் துணுக்குகளும் இருந்தால் செஞ்சிலந்தி. தக்காளி இலை வளையம் வளையமாகக் கருகினால் பூஞ்சணம். இரண்டுமில்லாமல் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதியில் மேல்பக்கம் மட்டும் வெண்கல நிறப் பொட்டு என்றால் காற்றிலுள்ள ஓசோனைச் சந்தேகிக்கலாம்; வாகனப் புகையில் வெயில் பட்டு உருவாகும் நச்சு வாயு அது. அதற்கு எந்தப் பூச்சிமருந்தும் கேட்காது. வீணாக அடித்தால் சிலந்தியைத் தின்னும் பொறிவண்டுதான் சாகும்; பிறகு நிஜமாகவே சிலந்தி வரும்!

1944-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பசலை, லெட்டூஸ் இலைகளின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் மினுங்கியது. நோயுமில்லை, பூச்சியுமில்லை; வாகனப் புகையில் வெயில் பட்டு ஓசோனோடு சேர்ந்து பிறக்கும் இன்னொரு நச்சின் வேலை என்பது பின்னால்தான் தெரிந்தது.

"நாங்க டவுன்ல இல்லையே" என்பது அடுத்த தவறு. சாலைப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு அங்கேயே ஓசோனைத் தின்றுவிடும். காற்று போகும் திசையில், பல கிலோமீட்டர் தள்ளியுள்ள தோட்டத்தில் பிற்பகலில் ஓசோன் நகரத்தைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு. புள்ளியே விழாமல் விளைச்சல் மட்டும் குறைவதும் உண்டு.

வாடுகிறதென்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டுவதும் உதவாது. ஈரம் நிறைந்த செடியின் இலைத்துளைகள் நன்றாகத் திறந்திருக்கும், ஓசோன் உள்ளே போவதும் அந்த வழியாகத்தான். அதற்காகச் செடியைக் காயப்போட வேண்டாம். அளவோடு விட்டால் போதும்.

நிலக்கரி எரிக்கும் சூளைக்குப் பக்கத்தில் கதை வேறு. கந்தக டை ஆக்சைடு பட்டால் நரம்புகளுக்கு இடையே இலை வைக்கோல் நிறத்தில் வெளுக்கும். மெக்னீசியக் குறை என்று எண்ணி நுண்ணூட்டம் தெளிப்பவர்கள் உண்டு. குறை என்றால் அடி இலைகளிலிருந்து மெல்ல மஞ்சளாகும். புகை என்றால் காற்று திரும்பிய ஓரிரு நாளில், சூளைப் பக்கத்துச் செடிகளில் முதலில் தெரியும்.

கீரையை அலசினால் எல்லாம் போய்விடும் என்பதும் பாதி உண்மைதான். சாலைத் தூசியோடு படிந்த ஈயம் பெருமளவு கழுவினால் போகும். மண்ணில் சேர்ந்து வேர் வழியாக ஏறிய காட்மியம் என்ற நச்சு உலோகம் போகாது. சாலையோரமாகக் கீரைப் பாத்தி போடுபவர்கள் ஓரத்தில் அடர்ந்த உயிர்வேலி வைத்து, பாத்தியைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவது நல்லது.