வாத்துக்கே எண்ணெய் தேய்க்காதீர்கள்: சி.டி.சி. இறகில் ஈ கட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

ஊட்டிக்குப் பக்கத்தில், அவலாஞ்சியில் ஓர் ஓடை. மூடுபனி, டிரவுட் மீன்கள் மேலே வந்து பூச்சியைக் கவ்விக்கொண்டிருந்த நேரம். தூண்டில் முள்ளில் இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி செய்வதைத்தான் ஈ என்கிறோம். நான் கட்டிய முதல் வாத்திறகு ஈயைத் தண்ணீரில் போட்டேன். போட்ட இடத்திலேயே முழுகிவிட்டது. நன்றாக மிதக்கட்டும் என்று கடையில் வாங்கிய ஜெல்லை அப்பியிருந்தேன். கூட வந்த பெரியவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, வாத்துக்கே எண்ணெய் தேய்ச்சு விடுறியா?" என்றார்.

வாத்து அலகை வாலடியில் விட்டு நோண்டிவிட்டு உடம்பெல்லாம் தடவிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதைச் சுற்றி முளைக்கிற பஞ்சு மாதிரியான இறகுதான் சி.டி.சி. பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம் அது. பொருள் கேட்டால் வாத்தின் பிட்டம்தான். 1920களில் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பக்கம் இதை வைத்து ஈ கட்டினார்கள். எண்ணெய் இருப்பதால் மிதக்கிறது என்பது பாதிதான் உண்மை. ஒவ்வோர் இழையிலும் பொடிப்பொடியாகக் கிளை இழைகள் உண்டு. அவை காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஜெல் தடவினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காற்றுக்கு இடமிருக்காது. இந்த இறகுக்கு நாம் செய்கிற உதவிகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன.

துவைப்பதும் அந்த வகைதான். வாடை அடிக்கிறது என்று சோப்புத்தூளில் ஊறவைத்தால் எண்ணெய் போய்விடும். அழுக்கிருந்தால் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், போதும்.

அதைவிட முக்கியம், இறகு எங்கிருந்து வருகிறது என்பது. கறிக்கடையில் வாத்தை வெந்நீரில் முக்கிய பிறகு கேட்டால், சொதசொதவென்று ஓர் ஈர உருண்டையைத்தான் தருவார்கள். "அண்ணே, வெந்நீர்ல போடறதுக்கு முன்னாடி வாலடியில இருக்கறத மட்டும் பிடுங்கிக் கொடுங்க" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒருமுறை சிரிப்பார், அடுத்த முறை எடுத்து வைத்திருப்பார். நெஞ்சுப் பக்கத்துப் பஞ்சையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தால் பிரித்துவிடுங்கள். பார்வைக்கு மென்மையாக இருக்கும், தண்ணீரில் வேலைக்கு ஆகாது. நெல் வயலில் மேய்ந்து முதிர்ந்த வாத்தில் இறகு நீளமாக வரும், இளசில் குட்டை. ஒரு வாத்தில் ஒரு கைப்பிடிகூடத் தேறாது. அதற்காக ஏரிக்கரையில் கிடக்கிற காட்டு வாத்தின் இறகைப் பொறுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஓர் ஈக்காக வம்பு வேண்டாம்.

கட்டும்போது பலரும் தாராளம் காட்டுகிறார்கள். 16-ஆம் எண் தூண்டில் முள்ளுக்கு இரண்டு இறகு தாராளம். நான்கு வைத்தால் பூச்சி மாதிரி இருக்காது, பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்கும். நனைந்தால் காயவும் காயாது. இறக்கை நீளமாகிவிட்டால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். வெட்டிய நுனி பிரஷ் மாதிரி மொட்டையாக நிற்கும். கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நுனியைப் பிடித்துச் சுண்டிப் பிய்த்தால் ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாக வரும், பூச்சியின் இறக்கை போலவே.

ஊட்டி ஈரம் தனிக்கதை. ஆடி மாதத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் இறுக்கிக் கட்டி வைத்தேன். ஆவணியில் திறந்தபோது பூஞ்சணம். இப்போது நன்றாகக் காய்ந்த பிறகு டப்பாவில் போட்டு, செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் வைக்கிறேன்.

ஓடையில் இறங்குவதற்கு முன் மீன்வளத் துறையிலும் வனத்துறையிலும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த டிரவுட் நம்மூர் மீனல்ல. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து, 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்துப் பெருக்கியது.

மீன் மாட்டிய பிறகு ஈ வழவழவென்று கோழையோடு வரும். அப்படியே திரும்ப வீசினால் முழுகும். ஓடைத் தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் வைத்து அழுத்தி, இரண்டு முறை ஊதினால் இறகு மறுபடி பொசுபொசுவென்று விரியும். அதற்கும் மசியவில்லை என்றால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொடியில் போட்டுக் குலுக்கலாம். பெரியவர் எதுவும் வாங்கவில்லை. வேட்டி நுனியில் ஒற்றிவிட்டு அடுத்த வீச்சுக்குப் போய்விடுவார்.