தண்ணீர் ராக்கெட் கிட்: தலைகீழாகக் கவிழாமல் பறக்க வைப்பது எப்படி

தங்கை மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் தண்ணீர் ராக்கெட் விடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், “மாமா, நம்மளும் ஒன்னு செய்வோம்” என்று பிடித்துக்கொண்டாள். இணையத்தில் ஒரு கிட் வாங்கினேன். பூட்டுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அதை நேராகப் பறக்க வைக்க மூன்று சனிக்கிழமைகள் போயின. முதல் இரண்டு வாரமும் ஒரு தென்னை மரத்து உயரம் போனதும் ராக்கெட் குறுக்கே திரும்பி, உருண்டுகொண்டே கீழே விழுந்தது. கிட்டோடு வந்த தாளில் அதற்கான காரணம் ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பூட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, எடை விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மருந்து மோட்டார் வைத்துப் பறக்கும், எஸ்டெஸ் என்ற அமெரிக்க நிறுவனம் விற்பது போன்ற ராக்கெட் செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். அந்த மோட்டாருக்குள் இருப்பது கரிமருந்து. மலேசியாவில் அது 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் வருகிறது, பொம்மை போல வாங்கி வந்து வீட்டில் வைக்கும் பொருள் அல்ல. தண்ணீரும் காற்றும் போதும். நிலைத்தன்மை பற்றி அந்த ராக்கெட்டில் கற்றுக்கொள்ளக் கூடியதை எல்லாம் இதிலும் கற்றுக்கொள்ளலாம்.

பாட்டில்

கிட்டில் பாட்டில் வராது. நாம்தான் தேட வேண்டும். காற்று அடைத்த பானம் வந்த பாட்டில் மட்டுமே வேண்டும். நான் எடுத்தது 1.5 லிட்டர் 100பிளஸ் பாட்டில். மினரல் வாட்டர் பாட்டிலும் எண்ணெய் பாட்டிலும் அழுத்தம் தாங்கச் செய்தவை அல்ல. சந்தேகம் வந்தால் அடியைத் திருப்பிப் பாருங்கள். பூவிதழ் போல ஐந்து மேடுகள் இருந்தால் அது பெரும்பாலும் கேஸ் பானப் பாட்டில்தான்.

வெட்டிப் பயன்படுத்த இன்னும் இரண்டு பாட்டில்கள் சேர்த்து வையுங்கள். அழுத்தம் ஏற்றும் பாட்டிலை மட்டும் வெட்டாதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், சூடான பசைத் துப்பாக்கியையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சூடு பட்ட இடத்தில் பிளாஸ்டிக் இளகும், அப்புறம் அங்கேதான் கிழியும். நம் ஊர் வெயிலில் காரின் பின்பெட்டியில் பாட்டிலை மறந்துவிடுவதும் தவறு.

பூட்டுவது

ராக்கெட்டில் பாட்டிலின் வாய் கீழே, அடி மேலே. மூடி இருந்த இடத்தில் கிட்டில் வரும் நாசிலை, அதாவது தண்ணீர் பீச்சும் வாய்த் துண்டை, திருக வேண்டும். இறக்கைகளை வாய்ப் பக்கம், முடிந்தவரை கீழே ஒட்ட வேண்டும். பாட்டிலைச் சுற்றி ஒரு தாளைச் சுற்றி, அதை நான்காக மடித்துக் கோடு போட்டுக்கொண்டால் நான்கு இறக்கைகளும் சரியான இடைவெளியில் அமையும். ஒட்டுவதற்கு முன் பாட்டிலைப் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள்.

கிட்டில் வந்த ஸ்பாஞ்ச் இறக்கைகள் எனக்குப் பிடிக்கவில்லை, அழுத்தம் பட்டதும் வளைகின்றன. நெளி பிளாஸ்டிக் அட்டையில் வெட்டியவைதான் நல்லவை. தேர்தல் காலத்தில் விளக்குக் கம்பங்களில் கட்டியிருப்பார்களே, அந்த அட்டை. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். அதன் உள்ளே ஓடும் குழாய்கள் பாட்டிலுக்குக் குறுக்காக இருக்கும்படி வெட்டினால் இறக்கை வெளிப்பக்கமாக மடங்காது.

நாசிலுக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். கசிவு வந்தால் இன்னும் இறுக்குவோம் என்றுதான் கை போகும். அதிகம் இறுக்கினால் வாஷர் பிதுங்கி இன்னும் மோசமாகக் கசியும். விரல் நுனியால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும்.

முதல் முறை பாட்டிலை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி, ஏவுதளத்தில் மாட்டி அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். உள்ளே காற்று மிகக் குறைவாக இருப்பதால் பாட்டில் கிழிந்தாலும் தண்ணீர் கொட்டுவதோடு முடியும். காற்று நிறைந்த பாட்டில் வெடிப்பது வேறு கதை, அதன் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது.

எடை: எனக்குப் புரியாமல் போன படி

ராக்கெட்டில் இரண்டு புள்ளிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று எடை மையம். விரல் மேல் வைத்தால் எந்த இடத்தில் சமமாக நிற்கிறதோ அது. இன்னொன்று காற்று மையம். ராக்கெட் கொஞ்சம் சாய்ந்தால் பக்கவாட்டுக் காற்று மொத்தமும் எந்தப் புள்ளியில் தள்ளுவது போல இருக்கிறதோ அது.

பறக்கும் பொருள் தன் எடை மையத்தைச் சுற்றித்தான் திரும்பும். காற்று மையம் அதற்குப் பின்னால் இருந்தால், சாயும்போது காற்று வாலைத் தள்ளித் தலையை நேராக்கிவிடும். முன்னால் இருந்தால் தலையைத் தள்ளிக் கவிழ்த்துவிடும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ராக்கெட்டுக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். எங்களுடையது அப்படித்தான் உருண்டது.

காற்று மையத்தைக் கண்டுபிடிக்கக் கணக்கு வேண்டாம். ராக்கெட்டைத் தரையில் படுக்க வைத்து, அதன் நிழலுருவத்தை இறக்கைகளோடு அட்டையில் வரைந்து வெட்டுங்கள். அந்த அட்டையை ஸ்கேல் விளிம்பில் வைத்துச் சமன்படும் இடத்தைக் குறியுங்கள். உண்மையான காற்று மையம் பொதுவாக இதற்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கும். அதனால் இந்த அட்டையை நம்பினால் பாதுகாப்பான பக்கம்தான் நிற்போம்.

எங்கள் ராக்கெட்டில் அட்டை காட்டியது வாயிலிருந்து 13.5 சென்டிமீட்டர். தண்ணீர் இல்லாத ராக்கெட்டை விரலில் வைத்தால் 13 சென்டிமீட்டரில் நின்றது. எடை மையம் காற்று மையத்துக்கும் பின்னால்! இரண்டு வாரமாக ஏவுதளத்தின் சாய்வையும் காற்றையும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கோளாறு ராக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

தீர்வு மிக எளிது. மூக்கில் எடை. இரண்டாவது பாட்டிலின் கழுத்துப் பகுதியைக் கூம்பாக வெட்டி, அதன் உச்சிக்குள் 60 கிராம் பிளாஸ்டிசினை (பிள்ளைகள் விளையாடும் களிமண்) அழுத்தி வைத்தேன். சமையல் தராசில் நிறுத்துத்தான் வைத்தேன், கண்ணளவு வேண்டாம். கூம்பைப் பாட்டிலின் அடிப் பக்கம் கவிழ்த்து டேப் சுற்றியதும் எடை மையம் 21 சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டது. இரண்டு மையங்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர். பாட்டிலின் விட்டம் 9 சென்டிமீட்டர் இருக்கும், அந்த அளவு இடைவெளி இருந்தால் நல்லது என்பார்கள். அதை நெருங்கிவிட்டோம். கூம்பின் நுனியில் பஞ்சு வைத்து மூடினேன். ஆணி, நட்டு, கல் எதையும் மூக்கில் வைக்காதீர்கள், அது ஒருவர் தலையில் இறங்கலாம்.

எடை கூடினால் உயரம் குறையாதா என்று தங்கை மகளும் கேட்டாள். பறந்த பிறகு தெரிந்தது, நேராகப் போகும் கனமான ராக்கெட், உருளும் இலேசான ராக்கெட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரம் போனது.

திடலுக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை. எடை மையத்தில் நூலைக் கட்டி, நழுவாமல் டேப் ஒட்டி, இரண்டு மீட்டர் நூலில் ராக்கெட்டைத் தலைக்கு மேல் சுற்றுங்கள். மூக்கு முன்னால் போக வேண்டும். குறுக்காகவோ வால் முன்னாலோ போனால் இன்னும் 10 கிராம் சேருங்கள். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில், கார்கள் இல்லாத நேரம் பார்த்து, இதைச் செய்தோம். இந்த ஒரு சோதனையை முதல் வாரமே செய்திருந்தால் இரண்டு சனிக்கிழமைகள் மிஞ்சியிருக்கும்.

பறக்கவிடுவது

பினாங்கில் காலை 8 மணிதான் நல்ல நேரம். பத்து, பதினொன்று ஆனால் கடல் காற்று ஏறும், பிற்பகலில் இடிமழை வரலாம். பள்ளித் திடலில் அனுமதி கேட்டுப் பறக்கவிட்டோம். பாயான் லெப்பாஸ் பக்கம் இருப்பவர்கள் விமான நிலையத்தை விட்டுத் தள்ளியே இடம் தேடுங்கள்.

தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 500 மில்லி. அழுத்திய காற்று தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, தண்ணீர் ராக்கெட்டை மேலே தள்ளுகிறது. பம்ப் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். நின்றுகொண்டு அடிக்கும், அளவுமானி உள்ள சைக்கிள் பம்ப்தான் வேண்டும். மானி இல்லாத கால் பம்ப் வேண்டவே வேண்டாம். 60 பி.எஸ்.ஐ., அதாவது ஏறக்குறைய 4 பார், எங்கள் எல்லை. அதற்கு மேல் நான் ஏற்றியதில்லை. பம்ப் அடிப்பவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மற்றவர்கள் பத்து மீட்டர் தள்ளி.

ஏவுதளத்தின் கயிற்றை இழுத்தும் ராக்கெட் கிளம்பவில்லை என்றால் கிட்டே போய்க் குனிந்து பார்க்கக் கூடாது. பம்ப் பக்கமே வால்வைத் திறந்து காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகுதான் ராக்கெட்டைத் தொட வேண்டும். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மாற்றிப் பார்ப்பது

உயரம் அளக்க ஏவுதளத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று, பாகைமானியில் நூலும் சிறு எடையும் தொங்கவிட்டு, உச்சியின் கோணத்தைப் பார்க்கலாம். 45 டிகிரி என்றால் உயரம் 30 மீட்டரோடு உங்கள் கண் உயரம். எங்களுக்கு 500 மில்லிக்கு 50 டிகிரி வந்தது, அதாவது சுமார் 37 மீட்டர். 250 மில்லிக்கு 30 மீட்டர்தான். 900 மில்லி ஊற்றியபோது 20 மீட்டரைக்கூடத் தொடவில்லை. தண்ணீர் கூடும்போது காற்றுக்கு இடம் குறைகிறது, தள்ளும் சக்தி முழுவதும் அந்தக் காற்றில்தானே இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு இப்போது அவளிடம் இருக்கிறது, எனக்கு எழுதத் தர மாட்டேன் என்கிறாள்.

செய்ய வேண்டிய முதல் மாற்றம், கழற்றி மாட்டும் இறக்கை. மூன்றாவது பாட்டிலின் நடுப்பகுதியை வளையமாக வெட்டி, நீளவாக்கில் ஒரு வெட்டுப் போட்டு, இறக்கைகளை அதில் ஒட்டி ராக்கெட்டின் மேல் மாட்டி டேப் போடுங்கள். விழுந்து இறக்கை முறிந்தாலோ, பாட்டிலில் மடிப்போ வெள்ளைக் கோடோ வந்து அதைத் தூக்கிப் போட்டாலோ, மற்ற பாகம் மிஞ்சும்.

பிறகு சேர்த்தது

பிறையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். அவர் மாணவர்களின் ராக்கெட்டில் அழுத்தம் ஏறுகிறது, ஆனால் பம்ப்புக்குள் தண்ணீர் வந்துவிடுகிறதாம். ஏவுதளத்துக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ள ஒருவழி வால்வைத் திருப்பிப் போட்டால் காற்றே ஏறாது. அதனால் வால்வு சரியாகத்தான் இருக்கிறது, அதற்குள் மண் துகள் சிக்கி முழுதாக மூடவில்லை என்று நினைத்தேன். கழற்றிச் சுத்தமான தண்ணீரில் அலசச் சொன்னேன், சரியாகிவிட்டதாம். ஏவுதளத்தைப் புல்லில் வைக்கும்போது குழாய் முனை மண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாராசூட் வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பள்ளித் திடல் அளவில் வேண்டாம் என்பேன். 37 மீட்டரிலிருந்து மெதுவாக இறங்கும் ராக்கெட்டைக் காற்று சாலைக்குக் கொண்டுபோய்விடும், அதன் பின்னாலேயே பிள்ளைகளும் ஓடுவார்கள்.