வெட்டிவேரிலிருந்து தொடங்குங்கள்: பிடித்த செண்ட்டைக் கண்டுபிடித்து, அதன் மணத்தை எழுதுவது எப்படி?

‘இந்த செண்ட் எப்படி இருக்கு?’ என்று கேட்டால், ‘சூப்பர்’, ‘கொஞ்சம் ஸ்ட்ராங்’ என்பதற்கு மேல் பலருக்குச் சொல்ல வருவதில்லை. மூக்கில் ஒரு குறையும் இல்லை; ஒப்பிட்டுப் பார்க்கக் கைவசம் ஒரு மணம் இல்லாததுதான் காரணம். கடையில் உள்ள எல்லாவற்றையும் முகர்ந்து குழம்பாமல், நன்றாகத் தெரிந்த ஒரு மணத்தைப் பிடித்துக்கொண்டு, அது கலந்த செண்ட்டுகளை மட்டும் தேடிப் போவதே ஆரம்பத்துக்குச் சரியான வழி. நமக்கு அந்த மணம் வெட்டிவேர். பானைத் தண்ணீரில் குடித்திருக்கிறோம், தட்டியில் நீர் தெளித்து முகர்ந்திருக்கிறோம். உலகின் பெயர்பெற்ற செண்ட்டுகள் பலவற்றின் அடியில் இருப்பதும் இந்த வேரின் எண்ணெய்தான்.

1. முதலில் வேர்

நாட்டு மருந்துக் கடையில் ஒரு கைப்பிடி வெட்டிவேர் வாங்குங்கள். காய்ந்த நிலையில் ஒருமுறை முகருங்கள். அப்புறம் லேசாக நீர் தெளித்து, சற்றுப் பொறுத்து மறுபடியும். காய்ந்த வேரில் வைக்கோலும் மரத்தூளும் முன்னே வரும். நனைந்ததும் ஈரமண் எழும்பும். அதற்குப் பின்னால் மெல்லிய இனிப்பு, இன்னும் பின்னால் அணைந்த விறகின் புகை.

தோன்றியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே நிபந்தனை: ‘அருமை’, ‘இதம்’ போன்ற சொற்கள் கூடாது. பொருளின் பெயரை எழுதுங்கள். எலுமிச்சைத் தோல், பென்சில் சீவல், பழைய மர அலமாரி, புகையிலை, ஜாதிக்காய். நெடியா, காரமா, துவர்ப்பா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2. எதை முகர்வது?

ஆரம்பத்துக்கு மூன்று போதும். ஒன்று, வட இந்தியாவின் ரூஹ் கஸ். செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வடிப்பதால் பச்சை நிறமேறிய, வேறெதுவும் கலக்காத வெட்டிவேர் எண்ணெய் அது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரத்து அத்தர் விற்கும் கடைகளில் கேளுங்கள். இரண்டாவது, பிரான்சின் கெர்லான் நிறுவனம் 1959-ல் கொண்டுவந்த ‘வெட்டிவேர்’; ழான்-போல் கெர்லான் உருவாக்கியது. மூன்றாவது, லாலிக் நிறுவனத்தின் ‘ஆங்க்ர் நுவார்’, 2006-ல் நதாலி லோர்சன் செய்தது. மூன்றிலும் வேர் ஒன்றுதான், முகம் வேறு. வேர் விளையும் மண்ணும் மணத்தை மாற்றும்: ஹைட்டி எண்ணெய் சுத்தமாக, பப்ளிமாஸ் தோலின் சாயலோடு இருக்கும், ஜாவா எண்ணெயில் புகை தூக்கல்.

3. முகரும் முறை

காகித ஸ்ட்ரிப்பில் அடித்து, ஆல்கஹால் நெடி போகும்வரை சற்றுப் பொறுங்கள். பிடித்திருந்தால் மட்டும் மணிக்கட்டில். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்காதீர்கள். ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம். மூக்கு பழகி மரத்துப்போகும். சில கடைகளில் காபிக் கொட்டையை நீட்டுவார்கள். அதைவிட, வெளியே வந்து சாதாரணக் காற்றை இழுப்பது மேல்.

4. நேரத்தோடு சேர்த்து எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. செண்ட்டில் இருப்பவை ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை வகை மணங்கள் முதலில் பறந்துவிடும். வெட்டிவேர் எண்ணெயில் கனமான மூலக்கூறுகள் அதிகம் என்பதால் அது கடைசிவரை தோலில் தங்கும். எனவே அடித்தவுடன், அரை மணி கழித்து, நான்கு மணி கழித்து என்று மூன்று குறிப்பு எழுதுங்கள். கெர்லானின் ‘வெட்டிவேர்’ செண்ட்டைப் பற்றி நான் எழுதியது இது:

“அடித்தவுடன்: நகத்தால் கீறிய எலுமிச்சைத் தோல், கூடவே சோப்பின் சுத்தம். அரை மணி: எலுமிச்சை ஒதுங்கிவிட்டது. துருவிய ஜாதிக்காய், சுருட்டாத புகையிலை இலை, ஒரு சிட்டிகை மிளகு. நான்கு மணி: வேர் மட்டும். ஆனால் நனைந்த வேர் இல்லை, வெயிலில் உலர்ந்தது. ஓரத்தில் லேசான இனிப்பு.”

கடைசி வரியைக் கவனியுங்கள். கையில் இருக்கும் வேரோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று சொன்னதும் படிப்பவருக்கு மணம் பிடிபட்டுவிடுகிறது. ஆங்க்ர் நுவாருக்கும் அப்படியே செய்யலாம்: இது நிழலில், ஈர மரப்பட்டைக்கு நடுவே கிடக்கும் வேர், எலுமிச்சை வெளிச்சமே கிடையாது. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

5. வாங்குவதற்கு முன்

முழு பாட்டிலுக்கு அவசரம் வேண்டாம். ஐந்து மில்லி சாம்பிள் வாங்கி, ஒரு வெயில் நாளிலும் ஒரு மழை நாளிலும் போட்டுப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் மேல்மணம் சீக்கிரம் ஓடிவிடும், அடிமணம்தான் உங்களோடு நாள் முழுக்க இருக்கப்போகிறது. ஆகவே நான்கு மணி நேரக் குறிப்பைப் பார்த்து முடிவெடுங்கள். வாங்கிய பாட்டிலைக் குளியலறையில் வைக்காமல், வெளிச்சமும் சூடும் படாத அலமாரியில் வையுங்கள்.