சிபியு சும்மா கிடக்க, பாட் மட்டும் ஏன் பெண்டிங்?

அமேசானின் குபெர்னெடிஸ் சேவையான இகேஎஸ்ஸில் முதல் கிளஸ்டர் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முழிப்பார்கள். நான் ஒத்தக்கடை வீட்டு மாடியில் ஒரு ராத்திரி முழுக்க முழித்தேன். மெமரி இருக்கிறது, சிபியு இருக்கிறது, புது பாட் (கன்டெய்னர் ஓடும் சின்ன அலகு) மட்டும் ஏறாமல் பெண்டிங்கிலேயே நிற்கும். காரணம், ஒவ்வொரு பாடுக்கும் ஓர் ஐபி முகவரி தரும் சிஎன்ஐ என்கிற நெட்வொர்க் பிளக்இன்.

சரி, நாமே வரவழைத்துப் பார்ப்போம். இகேஎஸ்சிடிஎல் என்கிற கட்டளைக் கருவியை வைத்து, டி3.மீடியம் நோடு (பாட்கள் ஓடும் மெஷின்) ஒன்றே ஒன்றுடன் கிளஸ்டர் உருவாக்குங்கள். கொஞ்ச நேரம் பிடிக்கும், ஜிகர்தண்டா குடித்துவிட்டு வரலாம். வந்ததும் கியூப்-சிஸ்டம் நேம்ஸ்பேஸில் உள்ள டீமன்செட்டுகளை (நோடுக்கு ஒரு பாட் வீதம் ஓடுபவை) பட்டியலிடுங்கள், ஏடபிள்யூஎஸ்-நோடு என்று ஒன்று இருக்கும், அதுதான் நம்ம சிஎன்ஐ ஆள்.

அப்புறம் என்ஜின்எக்ஸ் டெப்ளாய்மென்ட் ஒன்றை 20 ரெப்ளிகாவுக்கு, அதாவது 20 பாடுக்கு ஏற்றுங்கள். 13 ஓடும், 7 நிற்கும்.

ஏன் 13? பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி3.மீடியத்துக்கு 3 மாடி, அதாவது 3 நெட்வொர்க் இன்டர்ஃபேஸ். மாடிக்கு 6 அறை, அதாவது 6 ஐபி. மாடிக்கு ஓர் அறை வாட்ச்மேனுக்கு, அதாவது இன்டர்ஃபேஸின் சொந்த ஐபிக்குப் போக மீதி 15. ஏடபிள்யூஎஸ்-நோடும், சர்வீஸ் ட்ராஃபிக்கைத் திருப்பிவிடும் கியூப்-பிராக்ஸியும் நோடின் ஐபியிலேயே ஒண்டிக்கொள்வதால் 2 சேர்த்து உச்ச வரம்பு 17. அந்த இரண்டும், பெயரைத் தேடி ஐபி சொல்லும் கோர்டிஎன்எஸ் பாட் இரண்டும் கழிந்தால் 13. மெட்ரிக்ஸ் சர்வரும் கூடவே வந்திருந்தால் இன்னும் குறையும்.

நிற்கும் பாடை டிஸ்கிரைப் செய்தால் "டூ மெனி பாட்ஸ்" என்று வரும். இது நோடு நிரம்பிய கதை. பெண்டிங் இல்லாமல் கன்டெய்னர்கிரியேட்டிங்கில் மாட்டிக்கொண்டு, ஐபி ஒதுக்க முடியவில்லை என்று சொன்னால் சப்நெட்டை, அதாவது நோடுக்கு ஐபிகள் வரும் முகவரித் தொகுதியைப் பாருங்கள். /24 சப்நெட்டில் 256 முகவரி, அமேசான் 5 எடுத்துக்கொள்ளும், மீதி 251தான். போதாததற்கு இந்த பிளக்இன், முகூர்த்த நாளில் நாலு பேருக்காக மாடி முழுவதையும் பிடித்துவைக்கும் கல்யாண வீடு மாதிரி, ஐபிகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும்.

நோடு நிரம்பியதற்கு மருந்து பிரிஃபிக்ஸ் டெலிகேஷன். ஏடபிள்யூஎஸ்-நோடு டீமன்செட்டில் அதற்கான மாறியை ட்ரூ ஆக்கினால் அறைக்கு ஒரு ஐபி என்பது போய், 16 ஐபி கொண்ட /28 துண்டு கிடைக்கும்; டி3.மீடியத்திலேயே 110 பாட் வரை போகலாம். பழைய நோடை நம்பாதீர்கள், புது நோடு குரூப் போட்டுவிட்டு பழையதை டிரெயின் செய்யுங்கள், அதாவது அதிலுள்ள பாட்களை வெளியேற்றுங்கள். 16 முகவரியும் சப்நெட்டில் தொடர்ச்சியாகக் காலியாக இருக்க வேண்டும், சிதறிக் கிடந்தால் தராது.

முடிந்ததும் கிளஸ்டரை அழித்துவிடுங்கள், பாட் ஓடாவிட்டாலும் மணிக்கு 0.10 டாலர் ஓடிக்கொண்டே இருக்கும், நோடு வாடகை தனி.