ஒரு குடும்பப் பெயரின் மூலப்பத்திரம்: தேடுவது எப்படி?

என் மகள் லீட்ஸில் இருக்கிறாள். அவளுடைய மாமியார், அதாவது என் சம்பந்தி அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் மர்கட்ராய்டு. நானும் மனைவியும் ஆறு மாதம் அங்கே தங்கியிருந்தபோது ஒரு சாயங்காலம் அந்த அம்மா கேட்டார்: "நிலத்துக்கெல்லாம் மூலம் தேடினவராமே நீங்கள், என் பெயருக்கு மூலம் தேடித் தர முடியுமா?" நான் 31 வருஷம் தாலுகா அலுவலகங்களில் சர்வேயராக இருந்தவன். முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. ஐந்து மாதம் ஆயிற்று, தேடித் தந்தேன். இங்கிலாந்தில் பிள்ளையைக் கட்டிக்கொடுத்தவர்களுக்கும், பெயர்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் பயன்படும் என்று அந்த வழியை எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் பெயரின் பொருளைத் தேடாதீர்கள். இது நான் முதலில் சொல்ல வேண்டியது. இணையத்தில் எந்தப் பெயரைத் தட்டினாலும் ஒரு பொருள் வந்து விழும். கூடவே ஒரு குலச்சின்னத்தையும் விற்பார்கள். இங்கிலாந்தில் குலச்சின்னம் தனி மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் தரப்படுவது, பெயருக்குத் தரப்படுவது அல்ல. அதற்குப் பணம் கட்ட வேண்டாம். நிலத்துக்கு என்ன செய்வோம்? இன்றைய பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, இவருக்கு யார் விற்றார், அவருக்கு யார் விற்றார் என்று மூலப்பத்திரம் வரைக்கும் பின்னால் போவோம். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வில்லங்கம்தான். பெயருக்கும் அதே முறை. முதலில் இடம், பிறகு ஆட்கள், பொருள் கடைசியில்.

இடத்தைக் கண்டுபிடிக்க 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி உதவி வேறில்லை. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து முழுவதற்கும் அதைத் தன்னார்வலர்கள் எழுத்துக்கு எழுத்து படியெடுத்து வைத்திருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒருவர் எங்கே வசிக்கிறார் என்பதோடு எந்த ஊரில் பிறந்தார் என்பதும் அதில் இருக்கும். பிறந்த ஊரைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். பிழைக்கப் போன இடம் ஆளின் கதை, பிறந்த இடம் பெயரின் கதை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 1881 கணக்கெடுப்பையும் 1998 வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர்களுக்கு வரைபடம் போட்டிருக்கிறார்கள். பரவல் எப்படி மாறியது என்பதை அப்படி ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணும்போது ஒரு கவனம். வெறும் தலைக்கணக்கு ஏமாற்றிவிடும். 2,00,000 பேர் உள்ள நகரத்தில் அந்தப் பெயர்காரர் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆயிரத்துக்கு அரை ஆள்தான். 3,000 பேர் உள்ள சிற்றூரில் 30 பேர் என்றால் ஆயிரத்துக்குப் பத்து. பெயரின் தாய்வீடு அந்தச் சிற்றூர்ப் பக்கம்தான் இருக்கும். ஹென்றி ப்ரோம் கப்பி என்பவர் 1890லேயே இதைப் புரிந்துகொண்டு பிரிட்டன் முழுவதற்கும் ஒரு கணக்குப் போட்டார். ஊர் டைரக்டரிகளில் விவசாயிகளின் பெயர்களை மட்டும் எண்ணினார். மற்றவர்கள் இடம் மாறுவார்கள், நிலத்தை வைத்திருப்பவன் அவ்வளவு சுலபமாக நகர மாட்டான் என்பது அவர் எண்ணம். நிலத்தோடு வாழ்ந்த எனக்கு அது சட்டென்று விளங்கியது.

மர்கட்ராய்டுகளைப் புள்ளி வைத்துப் பார்த்தபோது யார்க்ஷயரின் பழைய நிர்வாகப் பிரிவான மேற்கு ரைடிங்கில்தான் திரண்டு நின்றார்கள், ஹாலிஃபேக்ஸைச் சுற்றி. சரி, தாலுகா கிடைத்தாயிற்று. இனி கிராமத்துக்குப் போக வேண்டும்.

அதற்கு ஒரே குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகப் பின்னால் போக வேண்டும். கணக்கெடுப்பு பத்து வருஷத்துக்கு ஒருமுறை. 1921 வரைக்கும் பார்க்கக் கிடைக்கிறது. 1931 ஏடுகள் 1942இல் தீயில் போய்விட்டன, 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. நடுவில் கைகொடுப்பது, போர் தொடங்கியபோது மக்களைப் பதிவுசெய்த 1939 பதிவேடு. அடிக்கடி தடுக்கி விழ வைப்பது 1841. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்ன கணக்கெடுப்பு அது. 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். பிறந்த ஊரும் இருக்காது, இதே மாவட்டமா இல்லையா என்பது மட்டும்தான். ஊரோடு வேண்டும் என்றால் 1851ஐப் பாருங்கள்.

1911 தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த வருஷம் ஏப்ரல் 2 ராத்திரி வீட்டில் இருந்தவர்களைக் குடும்பத் தலைவரே தன் கையால் எழுதிய தாள்தான் நமக்குக் கிடைக்கிறது. சம்பந்தி அம்மாவின் தாத்தா எழுதிய தாளை மகளுடைய கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தோம். வொர்ஸ்டெட் என்கிற கம்பளித் துணி ஆலையில் ஓவர்லுக்கர், நம் ஊரில் மேஸ்திரி என்போமே, அந்த வேலை. நிறுத்தி, சாய்த்து எழுதிய கையெழுத்து. கல்யாணமாகி எத்தனை வருஷம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்று கட்டங்கள். இறந்த பிள்ளையின் பெயரை எழுதத் தேவையில்லை, எண்ணிக்கை போதும். அவர் எழுதியிருந்தார். கடைசி வரியில் ஒரு பெண் குழந்தையின் பெயர், மேலே ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறது. கோட்டுக்குக் கீழே பெயர் நன்றாகவே தெரிந்தது. அப்படி ஓர் அத்தை இருந்ததே சம்பந்தி அம்மாவுக்குத் தெரியாது. நோட்டை வாங்கி அந்தப் பெயரைத் தன் கையால் எழுதிக்கொண்டார். அதனால்தான் சொல்கிறேன், அச்சடித்த படியோடு நின்றுவிடாதீர்கள். மூலத் தாளின் படத்தை எப்பாடுபட்டாவது பாருங்கள். 1911 தாள் கட்டணத் தளங்களில் இருக்கிறது. அங்குள்ள பொது நூலகங்கள் பலவற்றில் அந்தத் தளங்களை இலவசமாகப் பார்க்க விடுகிறார்கள்.

பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 தொடங்கியது. தலைமைப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் பெரும்பாலான பிறப்புகளுக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கிறது. அரிய பெயரைத் தேடுகிறவருக்கு இது புதையல். கணவர் வீட்டுப் பெயரோடு மர்கட்ராய்டு என்பதைத் தாயின் பெயர் கட்டத்தில் போட்டுத் தேடுங்கள். கல்யாணமாகிப் பெயர் மாறிப்போன பெண்கள் பிள்ளைகள் வழியாக வெளியே வருவார்கள். பிள்ளைகளின் நடுப்பெயரையும் கவனியுங்கள், அம்மா வீட்டுப் பெயரை அங்கே வைக்கிற வழக்கம் உண்டு.

எழுத்துக்கூட்டலைக் கறாராகப் பார்க்காதீர்கள். எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதினார், பெயருக்கு உரியவருக்கே படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். தேடும்போது உயிரெழுத்து வருகிற இடங்களில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் மர்கிட்ராய்டு, மர்கட்ராய்டே எல்லாம் சேர்ந்து வரும். அதிலும் வராவிட்டால் குடும்பப் பெயரையே விட்டுவிட்டு, முதல் பெயர், வயது, ஊர் மூன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். படியெடுத்தவர் முதல் எழுத்தையே வேறாகப் படித்திருந்தாலும் ஆள் அகப்படுவார்.

1837க்கு முன்னால் போனால் தேவாலயப் பதிவேடுகள். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் 1538இல் போட்ட ஆணையால் தொடங்கியவை. பல ஊர்களில் பழைய ஏடுகள் அழிந்துவிட்டன, ஹாலிஃபேக்ஸில் 1538இலிருந்தே இருக்கிறது. நூறு சதுர மைலுக்கு மேல் பரந்த பங்கு அது, அதாவது ஒரு தேவாலயத்தின் எல்லைக்கு உட்பட்ட பகுதி. இந்த இடத்தில்தான் மூன்று வாரம் வீணாயிற்று. ஒரு ஜான் மர்கட்ராய்டின் ஞானஸ்நானம் கிடைத்தது. 24 வருஷம் கழித்து அதே பங்கில் ஒரு ஜான் மர்கட்ராய்டின் கல்யாணம் கிடைத்தது. இரண்டையும் கட்டிவிட்டு அதற்கு மேல் நான்கு தலைமுறை ஏறிவிட்டேன். அப்புறம் அடக்க ஏட்டைப் புரட்டியபோது, ஞானஸ்நானம் பெற்ற ஜான் இரண்டு வயதில் அடக்கமாகியிருந்தான். கல்யாணம் செய்தவர் வேறொரு ஜான். பெயர் அரிது என்றால் நாடு முழுக்கப் பார்க்கும்போதுதான் அரிது, அதன் சொந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஜான் இருப்பான். ஒரு பிறப்பைக் கண்டால் அந்தப் பிள்ளை சின்ன வயதிலேயே இறக்கவில்லை என்று அடக்க ஏட்டில் உறுதிசெய்த பிறகே அடுத்த கண்ணிக்குப் போங்கள். இன்னொன்று, 1752க்கு முன் அங்கே வருஷம் மார்ச் 25இல் பிறந்தது. ஏட்டில் 1640 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1641.

அதற்கும் முன்னால், குடும்பம் குடும்பமாகக் கோத்துக்கொண்டு போவது பெரும்பாலும் முடியாது. பெயர் எந்த ஊரில் எந்த வடிவில் நிற்கிறது என்பதை மட்டும் பொறுக்கலாம். இரண்டு மூலங்கள் எங்களுக்கு உதவின. ஒன்று 1379 தலைவரிப் பட்டியல். பதினாறு வயதுக்கு மேற்பட்ட சாதாரண ஆளுக்கு, அல்லது கணவன் மனைவிக்குச் சேர்த்து, 4 பென்ஸ் வரி. யார்க்ஷயர் பட்டியல் அச்சிலேயே இருக்கிறது. மற்றொன்று வேக்ஃபீல்ட் ஜமீன் நீதிமன்றச் சுருள்கள். ஹாலிஃபேக்ஸுக்கு மேற்கே உள்ள வார்லி அந்த ஜமீனைச் சேர்ந்தது. 1274 தொடங்கி 1925 வரை ஓடுகிற தொடர் அது, யார் நிலத்தை யாருக்கு மாற்றினார், யார் வேலியைத் தாண்டி மாடு விட்டார் என்று. இப்போது லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கிறார்கள், பல தொகுதிகள் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. நம் அடங்கலும் பட்டா மாற்ற உத்தரவுகளும் அறுநூறு வருஷத்துக்கு ஒரே இடத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தொகுதிகளை விட்டு எழுந்து வர எனக்கு மனமே இல்லை.

1371இல் வார்லிக்குக் கான்ஸ்டபிளாக இருந்தவர் பெயர் மோர்கடராய்டு ஊர் ஜான் என்கிற பொருளில் பதிவாகியிருக்கிறது. 1379 வரிப் பட்டியலில் மெர்க்ரெட்ரோட் என்று நிற்கிறது. இப்போதுதான் பொருளுக்கு வரலாம். பின்பாதியில் சிக்கலே இல்லை. 'ராய்டு' என்பது மரம் வெட்டித் திருத்திய நிலம், அந்த மலைப்பகுதிப் பேச்சில் வழங்கிய சொல். ஹோல்ராய்டு, ஆக்ராய்டு, பூத்ராய்டு, லீராய்டு எல்லாம் அதே மண்ணின் பெயர்கள். முன்பாதியைத் தரிசு மேட்டுக்குப் போகிற வழி என்று சிலர் சொல்கிறார்கள். பெயராய்வாளர்கள் மார்கரெட் என்ற பெண்ணின் பெயர் என்கிறார்கள். நான் மார்கரெட் பக்கம். 1379 வடிவத்தில் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. இன்றைய எழுத்தை வைத்துக்கொண்டு பொருள் பிரித்திருந்தால் நானும் தரிசு மேட்டுக்கே போயிருப்பேன்.

ஊர்ப்பெயரால் வந்த குடும்பப் பெயர் என்றால் எவ்வளவு பெரிய ஊர் என்று பார்க்க வேண்டும். பெரிய ஊரின் பெயரை, அதை விட்டு வெளியேறினவர்தான் சுமப்பார். ஊருக்குள்ளேயே இருப்பவரை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஒற்றைப் பண்ணை, நாலு வீடு என்றால் அங்கேயே குடியிருந்தவருக்கும் அந்தப் பெயர் ஒட்டும். மர்கட்ராய்டு இரண்டாவது வகை. அதனால்தான் பரவல் ஒரு புள்ளியிலிருந்து விரிகிறது.

விரிந்த காரணத்தையும் எழுதி வைத்தால்தான் வேலை முழுமை. ஹாலிஃபேக்ஸ் மலைகளில் விவசாயம் மட்டும் சோறு போடாது. துண்டு நிலம், கூடவே வீட்டில் தறி. தறி இருந்ததால் கடைசி மகனும் ஊரிலேயே பிழைக்க முடிந்தது, பெயர் அங்கேயே கிளைவிட்டது. நெய்தே பெரும் பணக்காரர் ஆனவர்களும் உண்டு. ஜேம்ஸ் மர்கட்ராய்டு என்ற துணி வியாபாரி 1640களில் கீத்லி பக்கம் ஈஸ்ட் ரிடில்ஸ்டன் ஹாலை எடுத்துக் கட்டினார், இன்றும் பழைய கட்டடங்களைக் காக்கிற நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் நிற்கிறது. 1779இல் ஹாலிஃபேக்ஸில் திறந்த பீஸ் ஹால், நெசவாளர்கள் துணி விற்க 300க்கும் மேல் அறைகளோடு கட்டியது. பின்னால் ஆலைகள் வந்து தறியை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டன, ஆட்கள் ஆலைச் சங்கைத் தேடிப் பள்ளத்தாக்குக்கும் பிராட்ஃபோர்டுக்கும் இறங்கினார்கள்.

இடம்பெயர்வைக் கணக்கிடும்போது எல்லைகளைச் சரிபாருங்கள். டாட்மோர்டன் நகரத்துக்கு நடுவே 1888 வரை யார்க்ஷயர், லங்காஷயர் எல்லை ஓடியது. அங்குள்ள டவுன் ஹாலே எல்லைக்கு மேல் கட்டியது. தெருவைக் கடந்து வீடு மாறினவரை மாவட்டம் விட்டு மாவட்டம் போனவராக எண்ணிவிடக் கூடாது. 1974இல் மேற்கு ரைடிங்கே கலைக்கப்பட்டதால், பழைய எல்லைப் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது அவசியம்.

எல்லாரும் ஒரே மூதாதையின் பிள்ளைகளா? 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வில், இதே பக்கம் அதிகமுள்ள சைக்ஸ் என்ற பெயருள்ள ஆண்களின் ஒய் குரோமோசோமை, அதாவது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற மரபுக்கூறைப் பார்த்தபோது ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரே அமைப்பு இருந்தது. மீதிப் பாதிக்குத் தத்து, தாய்வழிப் பெயர், வேறு தொடக்கம் என்று பல காரணம் இருக்கலாம். பெயர் அரிதாக இருக்க இருக்க ஒரே வழியினராக இருக்கும் வாய்ப்பு கூடும். பரிசோதனைக்குத் தந்தை வழியில் பெயர் சுமக்கிற ஆண் ஒருவர் வேண்டும். சம்பந்தி அம்மாவின் சித்தப்பா மகனுக்குக் கடிதம் போட்டிருக்கிறோம்.

கடைசியாக, பழைய சர்வே படத்தைப் பார்க்காமல் முடிக்காதீர்கள். யார்க்ஷயரை ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் அளவில் 1840களிலும் 50களிலும் அளந்து வரைந்த ஆர்ட்னன்ஸ் சர்வே (அந்நாட்டு அரசு நில அளவைத் துறை) தாள்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசம். ஒவ்வொரு பண்ணை, ஒவ்வொரு கிணறு, ஒவ்வொரு சந்துக்கும் பெயர் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சம்பந்தி அம்மாவும் வார்லி மேட்டுக்குப் போனோம். கீழே கால்டர் பள்ளத்தாக்கு. அவர் குச்சியை ஊன்றி நின்றுகொண்டு தாளில் 'ராய்டு' என்று முடிகிற ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டு வாசித்தார். நான் எதிரே சரிவில் அவர் பெயர் பிறந்த அந்த வயலைக் காட்டினேன்.